இருநூற்றாறு எலும்புகளும் ஒரு நுழைவுப் பரீட்சையும்

பரீட்சைக்குப் படிப்பதும் ஒரு தொழில்தான்: சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஊரில் இருக்கிற அத்தனை பேரும் மேலதிகாரிகள். அந்தத் தொழிலை நான் ஏழு மாதம் பார்த்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு. கல்யாணமாகி, நாலு வயதில் கவிதா என்று ஒரு மகளும் இருந்தாள். காலையில் எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து பதுளை டவுனுக்கு வந்து, ஒரு பாமசியில் பின்னேரம் வரை மருந்து எடுத்துக் கொடுப்பது என் சம்பள வேலை. மிச்ச நேரத்தில் நர்ஸ் படிப்புக்கான தாதியர் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் படித்தது சம்பளமில்லாத வேலை.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஒரு கையில் ரொட்டி மாவும் மறு கையில் பாஸ்ட் பேப்பர் என்கிற பழைய வினாத்தாளுமாக அடுப்படியில் நின்றிருந்தால், நாம் சொந்தக்காரர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மொதலாளியின் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்

எங்கள் மொதலாளி, பதுளையில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்களை வாசித்துவிட்டு திங்கட்கிழமை கடைக்குக் கொண்டு வந்து எங்களிடம் கொடுப்பார். கவுண்டரில் என்னோடு நின்றவள் தில்ஹானி. சிங்களப் பிள்ளை, பசறைக்காரி, இருபத்திரண்டு வயது. கடைக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசியே தமிழ் பழகியவள். தங்கச்சி என்கிறதுக்குச் சிங்களத்தில் நங்கி, நான் அவளை அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் என்னை யோகா அக்கா என்பாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் சிங்களப் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி நடத்துகிற தாதியர் கல்லூரிக்கு ஆள் எடுக்கிறார்களாம். அரசாங்கக் கல்லூரி என்றால் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்திருக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பிரிவே கிடையாது. நான் கலைப் பிரிவில் பாஸாகி, அந்த ஆசையை மடித்து வைத்துவிட்டவள். இங்கேயோ எந்தப் பிரிவு என்றாலும் சரி, ஒரு நுழைவுப் பரீட்சையும் ஒரு நேர்முகமும்தான். படிப்புக்குக் கட்டணமும் இல்லை, முடித்த பிறகு அவர்களிடமே ஐந்து வருஷம் வேலை செய்தால் போதும். வயது மட்டும் இருபத்தெட்டைத் தாண்டக் கூடாது. ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு தடவை.

இரண்டு பேரும் விண்ணப்பம் போடுவது என்று முடிவு செய்து, பயந்து பயந்து மொதலாளியிடம் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"படிங்கம்மா, நல்லாப் படிங்க. ஆனா ஒரு ஆளு மட்டும் பாஸாகுங்க. ரெண்டு பேரும் போயிட்டா டாக்டர்மார் எழுத்த எனக்கு யாரு வாசிச்சுக் காட்டுறது?"

மூணாம் நம்பர் மலையில் உடற்கூறு

விஞ்ஞானப் பேப்பரில் பாதி மனித உடம்பு. மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பு. ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத ஒரு பெயர். காலையில் ரொட்டி தட்டும்போது மேலிருந்து கீழாக ஒரு தடவை சொல்வேன், பின்னேரம் வந்து சோறு வடிக்கும்போது கீழிருந்து மேலாக ஒரு தடவை சொல்வேன். தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவில் அடுப்படிக்கும் படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு துணிதான் மறைப்பு. அதனால் நான் படித்ததை எல்லாம் என் அத்தையும் படித்தார். அத்தை என்றால் என் வீட்டுக்காரர் சிவாவின் அம்மா, முனியம்மா. ஐம்பது வயதிலும் கொழுந்து பறிக்கிறதில் தோட்டத்திலேயே முதல் ஆள்.

எனக்குத் தெரியாமல் அத்தை அந்தப் பெயர்களை மூணாம் நம்பர் தேயிலை மலைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கொழுந்து எடுத்துக்கொண்டே மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பாராம். ஒரு மழை நாளில் ராசம்மா அக்கா வழுக்கி விழுந்து, கணுக்கால் பந்து மாதிரி வீங்கிவிட்டது. எல்லாரும் எண்ணெய் தேய்க்கப் பார்த்தபோது அத்தை தடுத்திருக்கிறார். வெளிப்பக்கத்து எலும்பைத் தொட்டதும் ராசம்மா அக்கா அலறினதைப் பார்த்து, இது ஃபிபுலாதான் என்று முடிவுகட்டி, இரண்டு பக்கமும் கம்பு வைத்துத் தலைத்துண்டால் கட்டி, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பிவிட்டார். ராசம்மா அக்காவும் அங்கே போய், "ஃபிபுலா ஒடஞ்சிருக்குங்க" என்றே சொல்லியிருக்கிறார்.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது அதே எலும்பில் அதே இடத்தில் வெடிப்பு. அடுத்த நாள் டிஸ்பென்சரி டாக்டரய்யா வேலை மெனக்கெட்டு மலைக்கு ஏறி வந்து, இங்கே யாரிடம் எக்ஸ்ரே மெசின் இருக்கிறது என்று கேட்டாராம். அத்தை கூடையை இறக்காமலே பதில் சொன்னார்.

"மெசினெல்லாம் இல்லீங்கய்யா. எங்க வீட்டுல ஒருத்தி ரொட்டி சுடுறப்பல்லாம் எலும்பத்தான் எண்ணுவா."

குவைத்தும் கொழும்பும்

விஷயம் லயம் முழுக்கத் தெரிந்த பிறகு பீலிக்குத் துணி துவைக்கப் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தை விட அங்கே பேச்சுச் சத்தம் கூட. நாலு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று வருஷம் கொழும்பு ஹொஸ்டலில் போய் இருக்கப் போகிறாளாமே, பிள்ளை ஏங்கிப் போகாதா, இவளெல்லாம் ஒரு தாயா. நேரே என்னிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கிறவளிடம் எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பேச்சு என்னைக் குத்தியது. விண்ணப்பத்தை அனுப்ப வேண்டாம் என்று ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என்னோடு பீலிக்கு வந்தார். சிவாவுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அத்தை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நாலு வருஷம் இருந்தவர். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு எல்லாரும் இருக்கும்போது, போர்வையைப் பிழிந்துகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். அதைக் கேட்ட மறு நாளே நான் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தேன்.

"நான் அடுத்தவன் வீட்டுக் கக்கூஸ் கழுவ பிளேன் ஏறுனப்ப பன்னெண்டு பேரு வந்து கைகாட்டி அனுப்புனீங்க. அப்ப என் புள்ள ஏங்கல. இவ படிக்கப் போறப்ப மட்டும் எப்பிடிடி ஏங்கும்?"

மாத்திரைக்குத் தெரிந்த ஆங்கிலம்

எனக்கும் தில்ஹானிக்கும் பொதுவான ஒரு பயம் ஆங்கிலப் பேப்பர். வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, வசதியும் இல்லை. ஆனால் எங்களைச் சுற்றி ஆயிரக்கணக்கில் ஆங்கிலப் பாடம் அடுக்கி வைத்திருக்கிறது என்பதைத் தில்ஹானிதான் கண்டுபிடித்தாள். ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்திருக்கிறார்களே, அந்தப் பொடி எழுத்துத் தாள். ஆள் இல்லாத நேரத்தில் ஆளுக்கொன்றை விரித்துவைத்து வாசிப்போம். வாசித்ததை, வருகிறவர்களுக்குச் சொல்லிப் பார்ப்போம். அவள் சிங்களத்தில் சொல்வாள், நான் தமிழில் சொல்வேன்.

இந்தப் பயிற்சிக்கு வாடிக்கையாளர்கள் ஒத்துழைத்தார்கள் என்று சொல்ல முடியாது. கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு அண்ணன் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்தார். கடைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையை எடுத்து, தாளை விரித்து, எனக்குப் புரிந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். இதைப் போட்டால் சிலருக்கு வயிற்றைப் பிரட்டும், சிலருக்குக் கிறுகிறுப்பு வரும், தோல் தடிக்கும், தூக்கம் வராது, ஆயிரத்தில் ஒருவருக்குத் தலைவலியும் வரலாம். அவர் கடைசி வரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அலுமாரியின் கீழ்த்தட்டைக் கைகாட்டினார்.

"அந்தப் பழைய மாத்திரையவே குடும்மா. அதுக்கு இங்கிலீசு தெரியாது."

நாலடி பத்தங்குலம்

விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. அதோடு ஒரு உடற்தகுதிப் படிவமும் வந்தது. உயரம் நாலடி பத்தங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று அதில் இருந்தது. சிவா தையல்காரரிடம் டேப் வாங்கி வந்து என்னைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். நாலடி ஒன்பதே முக்கால். மறுபடி அளந்தார். அதே ஒன்பதே முக்கால். எலும்பின் பெயரை மனப்பாடம் பண்ணலாம், எலும்பை எப்படி நீட்டுவது? கவிதா வேறு சுவரில் ஒட்டி நின்று, என்னையும் அளங்கள் என்று அடம்.

படித்த படிப்புத்தான் கைகொடுத்தது. முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. பகல் முழுக்க நிற்கும்போது அவை அமுங்கும், படுத்து எழும்பினால் பழையபடி உப்பும். அதாவது மனுசர் காலையில் கொஞ்சம் உயரம், பின்னேரம் கொஞ்சம் கட்டை. இதைச் சொன்னதும் சிவா ஒரு திட்டம் போட்டார். காலையில் என்னைப் படுக்கையில் இருந்து நேரே தூக்கித் தான் ஓட்டுகிற த்ரீவீல் ஆட்டோவின் பின்சீட்டில் படுக்க வைத்து, டிஸ்பென்சரி வாசல் வரை உட்கார விடாமலே கொண்டுபோனார். வழியில் பார்த்தவர்கள் எனக்கு அடுத்த பிள்ளை பிறக்கப் போகிறது என்று நினைத்து, போர்வை கொண்டு வரட்டுமா என்று கேட்டார்கள்.

டாக்டரய்யா அளந்தார். நாலடி பத்தங்குலமும் ஒரு நூலும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன். நெற்றியில் கூடைக் கயிறு முப்பது வருஷமாக அழுத்தின தடத்தைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"கூடை சொமந்து சொமந்து எனக்குக் கொறைஞ்ச ஒசரம் எங்கதான் போச்சுன்னு பாத்தேன். ஒனக்கு வந்திருக்கு."

மூன்று யோகராணிகள்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. பிறப்புச் சான்றிதழில் நான் யோகராணி. அடையாள அட்டையில் யோகாராணி. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேற்றில் யோகரணி. எந்தக் காலத்தில் யார் எந்த அவசரத்தில் எழுதினார்களோ, இருபத்தேழு வருஷமாக யாருக்கும் உறுத்தாத ஒரு கால் கோடு, பரீட்சை அனுமதிக்குப் போனபோது உறுத்தியது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று பத்து நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

தில்ஹானி தனக்கு லீவு கிடைத்த ஒரே நாளில் என்னோடு கந்தோருக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, வந்தாள். அன்று முழுவதும் தான் படிக்க வேண்டும் என்று வைத்திருந்த பொது அறிவுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். இருந்த இடங்களோ கொஞ்சம். பதுளை மாவட்டத்தில் இருந்து போட்டி போடுகிற ஒருத்தி குறைந்தால் அவளுக்கு நல்லதுதான். இதை நான் வாய்விட்டே சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கந்தோரில் இருந்த ஐயா மூன்று தாளையும் மேசையில் பரப்பி, இது மூன்று வெவ்வேறு ஆட்கள், மூன்று பேருக்கு ஒரு விண்ணப்பம் செல்லாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் சிங்களம் சந்தையில் மரக்கறி வாங்கத்தான் காணும். தில்ஹானி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சமாதான நீதவான் ஒருவரிடம் சத்தியக் கடதாசி வாங்கி வந்தால் போதும் என்று கடைசியில் அவரே வழி சொன்னார். ஒரு வாரத்தில் காரியமும் முடிந்தது. ஆனால் அவரைச் சிரிக்கவைத்து வாயைத் திறக்க வைத்தது தில்ஹானி சொன்ன ஒரு வார்த்தை.

"அப்ப மூணு பேரையும் பரீட்சைக்கு அனுப்புங்க சேர், ஒரு ஆளாவது பாஸாகுவாங்க."

கொழுந்து மலை வழியாகப் பரீட்சை மண்டபம்

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதுளையில், காலை ஒன்பது மணிக்கு. அதற்கு முன் இரண்டு நாளாக மழை விடவில்லை. விடிகிற நேரத்தில் சிவா த்ரீவீலை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மண்சரிந்து பசறை வழியாகப் பதுளைக்குப் போகிற பாதை மூடிக் கிடக்கிறது, பஸ் இல்லை, மெசின் வந்து மண்ணை அள்ளப் பகலாகும். நான் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாதம், ஒரே ஒரு தடவை.

அத்தை லயத்தின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போனார். ஞாயிறு என்பதால் வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டு இல்லை, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நாலு பெண்கள் மழைக்குத் தலையில் படங்கு போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அதில் இரண்டு பேர் பீலியில் என்னை ஏசினவர்கள். சரிவுக்கு மேலே, தேயிலைக்கு நடுவே, கொழுந்து பறிக்கிறவர்கள் மட்டும் நடக்கிற ஒற்றையடிப் பாதை இருக்கிறது. றோட்டில் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாது. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் அத்தையும் நானும். என் அனுமதி அட்டையும் பேனாவும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி அத்தையின் மடியில். ஒரு மணி நேரம் ஏறி இறங்கினோம். அந்தப் பக்கம் மரக்கறி ஏற்றின லொறி ஒன்று திரும்பிப் போகக் காத்திருந்தது. அத்தை டிரைவரிடம் என்ன சொன்னாரோ, அவர் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு நேரே பதுளைக்கே கொண்டு வந்து விட்டார்.

மண்டபத்துக்கு நான் ஓடி வந்தபோது ஒன்பது பத்து. ஒன்பதரைக்குப் பிறகு யாரையும் விட மாட்டார்கள். தில்ஹானி ஒன்பது மணி அடிக்கும் வரை உள்ளே போகாமல் வாசலில் நின்று, ஒருத்தி வருவாள், கட்டாயம் வருவாள் என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். எனக்கோ முழங்கால் வரை சேறு, ஒரு காலில் அட்டை கடித்து இரத்தம், செருப்பு கையில். அந்தக் கோலத்தில் உள்ளே போகலாமா என்று நான் தயங்கி நின்றேன். மேற்பார்வைக்கு நின்ற தமிழ் டீச்சர் என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அனுமதி அட்டையை வாங்கிச் சரி பார்த்தார்.

"செருப்பக் கையிலேயே வச்சிருந்தாலும் பரவால்ல. எழுத மத்தக் கை இருக்குதானே? போய் உக்காருங்க."

வலிக்கு எத்தனை பெயர்

எழுத்துப் பரீட்சையில் இரண்டு பேருமே பாஸ். நேர்முகம் கொழும்பில். எதற்காக நர்ஸ் ஆக விரும்புகிறீர்கள் என்று கேட்பார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். அதற்கு ஆங்கிலத்தில் ஆறு வரிப் பதில் ஒன்றை தில்ஹானியும் நானும் கவுண்டருக்குப் பின்னால் நின்று நாற்பது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்போம். உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஒரு மேட்ரன் அம்மா. கேள்வியும் அதேதான். பதில் மட்டும் என் வாயில் இருந்து ஓடிப்போயிருந்தது.

அதனால் நடந்ததைத் தமிழில் சொன்னேன், மேட்ரன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த தமிழர் அவருக்கு மாற்றிச் சொன்னார். கவிதா பிறந்தபோது நான் இருந்த வார்டில், அடுத்த கட்டிலில் ஒரு தோட்டத்துப் பெண். வயிற்றில் சத்திரசிகிச்சை செய்திருந்தது. அவளுக்குச் சிங்களம் தெரியாது, அங்கே இருந்த நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. அந்த நர்ஸ் நல்லவர், நாலு தடவை வந்து வலிக்கிறதா என்று கேட்டார். இவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். எந்த இடத்தில் எந்த மாதிரி என்று சொல்லத் தெரியவில்லை. நான் என் மரக்கறிச் சிங்களத்தில் பாதியும் கையால் பாதியுமாகச் சொன்ன பிறகுதான் விளங்கிக்கொண்டு டாக்டரைக் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்தில் வலி என்ற ஒரு சொல் போதாது, குத்து வேறு, கடுப்பு வேறு, எரிச்சல் வேறு, உளைச்சல் வேறு, குடைச்சல் வேறு, இத்தனையையும் கேட்டு எழுத ஒரு ஆள் வேண்டும் என்றேன்.

மேட்ரன் அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார். மருந்துத் தாள் வாசித்த புண்ணியத்தில் நாலு வரை சமாளித்தேன். குடைச்சலுக்கு ஆங்கிலம் வரவில்லை. பேனாவை எடுத்து என் முழங்காலில் வைத்து, துளை போடுகிற மாதிரி மெதுவாகத் திருகிக் காட்டினேன். அவர் அந்தப் பேனாவைப் பார்த்துவிட்டு, "குடைச்சல்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"பத்து வருஷமா என் முழங்கால்ல இருக்கிறதுக்கு இன்னைக்குத்தான் பேர் கெடச்சிருக்கு."

தில்ஹானி வாசித்த பட்டியல்

முடிவு இணையத்தில் வந்த நாளில் கடையில் நல்ல கூட்டம். தில்ஹானியின் போனில்தான் பார்த்தோம். பட்டியலைச் சத்தமாக வாசித்தாள். ஒன்பதாவது பெயர் என்னுடையது. ஒரு எழுத்தும் பிசகாமல் யோகராணி. கடையில் நின்ற அத்தனை பேரும் கைதட்டினார்கள். மொதலாளி கல்லாவை விட்டு எழும்பி வந்து என் தலையில் கை வைத்தார். தில்ஹானி நிறுத்தாமல் கடைசிப் பெயர் வரைக்கும் வாசித்துக்கொண்டே போனாள். குரல் இறங்கவில்லை. அவள் பெயர் அதில் இல்லை. கீழே, காத்திருப்போர் பட்டியலில், இரண்டாவதாக இருந்தது.

நான் அழுத அழுகையில் எது சந்தோசம் எது துக்கம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அவள் என் கையில் இருந்த மருந்துச் சீட்டை வாங்கி, நின்ற ஆளுக்கு மருந்தை எடுத்துக் கொடுத்து, மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தாள். நான் கொழும்புக்குப் போன அன்றைக்கு பதுளை பஸ் நிலையத்தில் என் பையைத் தூக்கி வைத்ததும் அவள்தான். கவிதாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கைகாட்டியதும் அவள்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் ஹொஸ்டல் வாசலில் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், பெரிய பயணப் பையோடு தில்ஹானி. வீட்டு ஞாபகம் தாங்க முடியாமல் எங்களோடு சேர்ந்த இரண்டு பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டுப் போனதில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. நான் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தேன். அவள் அழவில்லை.

"ரெண்டு பேர் அழுதுதான் போயிருக்காங்க அக்கா. நான் அதெல்லாம் பசறையிலயே அழுது முடிச்சிட்டு வந்துட்டேன்."

கட்டில் நம்பர் பதினான்கு

வகுப்பறையில் பல மாதம் கழிந்த பிறகு எங்களை முதல் தடவை வார்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சீருடை, நெஞ்சில் பெயர் அட்டை. அட்டையில் மூன்று மொழியிலும் என் பெயர் சரியாக இருந்ததை நான் கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

பதினான்காம் நம்பர் கட்டிலில் எங்கள் மலைப் பக்கத்துப் பெரகல சந்தியில் தோட்டத்து ஆட்களுக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர். மகன் கொழும்பில் வேலை செய்கிறான், அவன்தான் கொண்டு வந்து சேர்த்திருந்தான். அவருடைய தாளில் மூன்று நாளாக ஒரே குறிப்பு: குறை ஒன்றும் சொல்லவில்லை. யார் என்ன கேட்டாலும் அவர் "ஹொந்தய், ஹொந்தய்" என்று சிங்களத்தில் நல்லம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல்தான் அவருக்குச் சிரமமில்லாமல் வந்தது போல. பெரிய நர்ஸ் என்னை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே, "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களாங்க?" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பெயர் அட்டையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். சாய்ந்து கிடந்தவர் மற்றக் கையை ஊன்றி எழும்பி, தலையணையை முதுகுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அடேயப்பா, தமிழ் பேசுற மிஸ்ஸியா? இரும்மா, இரு, நான் மொதல்லருந்து சொல்றேன்."

நுழைவுப் பரீட்சையில் பாஸானால் உள்ளே நுழையத்தான் விடுவார்கள், இத்தனையையும் வார்டில் நின்றே கேட்க வேண்டும், உட்கார நாற்காலி தர மாட்டார்கள் என்பதை மட்டும், இப்போது எங்கோ ஒரு அடுப்படியில் எலும்பு எண்ணிக்கொண்டிருக்கிறவளிடம் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.